கூரையிலிருந்து கூரைக்கு: ஊரார் கட்டிய இணையம் யாருடையது?

ஸ்பெயினின் கத்தலோனியாவில், பார்சலோனாவிலிருந்து வடக்கே சுமார் 70 கிலோமீட்டர் போனால் ஒசோனா வட்டாரம். நடுவில் விக் என்ற சிறு நகரம். சுற்றிலும் வயலும் பன்றிப் பண்ணையுமாக, ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும் வீடுகள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விக் நகருக்குப் பிராட்பேண்ட் வந்துவிட்டது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குர்ப் கிராமத்துக்கு வரவில்லை. இவ்வளவு தூரம் கம்பி இழுத்து இத்தனை பேருக்குக் கொடுத்தால் போட்ட முதல் எப்போது திரும்பும் என்று தொலைபேசி நிறுவனம் கணக்குப் பார்த்தது; அந்தக் கணக்கில் குர்ப் தேறவில்லை. அந்த ஊர்க்காரரான ரமோன் ரோகா கணினித் துறையில் வேலை பார்த்தவர். அவரும் அக்கம்பக்கத்தாரும் காத்திருந்து சலித்துப்போய், நகரத்தில் கிடைத்த இணைப்பை வைஃபை ஆன்டெனாக்கள் மூலம் தங்கள் கூரைகளுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஒரு கூரைக்கு அடுத்த கூரை கண்ணில் பட்டால் போதும். இணைப்பு அங்கிருந்து அதற்கடுத்த கூரைக்குத் தாவும். 2004இல் தொடங்கிய இந்த முயற்சியின் பெயர் கிஃபி.நெட். பின்னாளில் அது 35,000க்கும் மேற்பட்ட கணுக்களாகப் பெருகி, உலகின் மிகப் பெரிய சமூக வலையமைப்புகளில் ஒன்றானது.

இத்தகைய வலையமைப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நன்மையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள்: இணையம் எட்டாத இடத்தை எட்டியது. அது உண்மைதான். ஆனால் எட்டுவது மட்டும் பெரிது என்றால், அந்த வேலையை மலிவு விலை செல்பேசித் தரவு எப்போதோ முடித்துவிட்டது. சமூக வலையமைப்பின் அரசியல் வேறொரு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். கருவி யாருடையது, கெட்டால் யார் ஏறிப் பார்ப்பது, நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டால் யார் பதில் சொல்வது என்ற கேள்விகளை ஊர் தானே உட்கார்ந்து தீர்க்க வேண்டியிருக்கிறது. தீர்த்த இடங்களில் சந்தாதாரர்களாக இருந்தவர்கள் உடைமையாளர்களாகி அரசோடு நேருக்குநேர் பேசினார்கள். தீர்க்காத இடங்களில் அதே ஆன்டெனா துருப்பிடித்தது, அல்லது வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் இடம் கொடுத்தது ஒரு பழைய அரசாணை. 1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், மைக்ரோவேவ் அடுப்பு போன்ற கருவிகள் இரைச்சல் கிளப்பும், யாருக்கும் வேண்டாத சில அலைக்கற்றைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. வைஃபை பிறந்தது அந்த இடத்தில். 2000வாக்கில் லண்டனிலும் சியாட்டிலிலும், 2002இல் ஏதென்ஸிலும் ஆர்வலர்கள் வீட்டு வைஃபையைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு லிங்க்சிஸ் நிறுவனத்தின் நீலமும் கறுப்புமான சிறு ரவுட்டர் ஒன்று சந்தைக்கு வந்தது. அதற்குள் ஓடியது லினக்ஸ் என்று கண்டுபிடித்தவர்கள், உரிம விதிப்படி மூல நிரலைத் தரவேண்டும் என்று நெருக்கினார்கள். 2003இல் நிறுவனம் வெளியிட்டது. அதிலிருந்து ஓபன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருள் வளர்ந்தது. வீட்டில் ஒருவர் மின்னஞ்சல் பார்க்கச் செய்த பெட்டியை, நாலு வீட்டின் தகவலை வாங்கிக் கடத்தும் பெட்டியாக மாற்ற அதுவே வழி செய்தது.

ஏதென்ஸ் வலையமைப்பு ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பரவி, கம்பிவழி இணைப்பு மலிவானதும் சுருங்கியது. கிஃபி அப்படிச் சுருங்காததற்குக் காரணம் அலைவரிசையில் இல்லை, ஒரு காகிதத்தில் இருக்கிறது. வலையமைப்பில் சேருகிற ஒவ்வொருவரும் ஏற்கவேண்டிய பொது உடன்படிக்கை ஒன்றை அவர்கள் ஆரம்பத்திலேயே எழுதினார்கள். என் கூரையில் இருக்கும் கருவி என்னுடையது. ஆனால் அதன் வழியாகப் போகும் உன் தகவலை நான் தடுக்க மாட்டேன், திறந்து பார்க்க மாட்டேன், உன்னுடையது என்பதற்காகத் தாமதப்படுத்த மாட்டேன். நீயும் எனக்கு அப்படியே. இந்த நிபந்தனையை ஏற்கிற எவரும் சேரலாம், எந்த இடத்திலிருந்தும் வலையை நீட்டலாம். இதே சமயத்தில் பெர்லின், லண்டன் குழுக்களும் பிக்கோபியரிங் உடன்பாடு என்ற பெயரில் ஏறக்குறைய இதையே எழுதின. கிஃபி ஒருபடி மேலே போனது: 2008இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, அடுத்த ஆண்டே தன்னைத் தொலைத்தொடர்பு இயக்குநராக அரசு ஆணையத்திடம் பதிவு செய்துகொண்டது. ஐரோப்பிய விதிகளின்படி அதற்குப் பெரிய உரிமம் தேவைப்படவில்லை. இன்ன சேவையைத் தொடங்குகிறோம் என்று அறிவித்தால் போதும். பிறகு இந்தச் சிறு விவரத்துக்குத் திரும்பி வருவேன்.

காசு விஷயத்தில் அவர்கள் செய்த ஏற்பாடுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பாக இருக்கிறது. பொது வலையின்மீது வியாபாரம் செய்ய யாருக்கும் தடையில்லை. உள்ளூர்ச் சிறு நிறுவனங்கள் அதன் வழியே இணைப்பு விற்கின்றன, பொருத்தித் தருகின்றன, பழுது பார்க்கின்றன. 2009 முதல் பண்ணைகளுக்கு ஒளியிழைக் கம்பியும் போட ஆரம்பித்தார்கள். அதிலும் ஒரே இழையை, ஒரே விதிப்படி, பல விற்பனையாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் லாபத்துக்காகப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாரும் ஓர் ஈட்டுக் கணக்குக்கு உட்பட்டவர்கள். யார் எவ்வளவு முதலீடு செய்தார்கள், பராமரிப்புக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று கூட்டிப் பார்த்து, பயன்பாட்டைவிடக் குறைவாகப் போட்டவர் அதிகமாகப் போட்டவருக்கு ஈடுகட்ட வேண்டும். அறக்கட்டளை நடுவிலிருந்து கணக்கைப் பார்க்கும். ஒருவர் கம்பி போட, இன்னொருவர் வெறுமனே சவாரி செய்யும் சிக்கலை இதன்மூலம் தணித்தார்கள். 2015இல் ஐரோப்பிய ஆணையத்தின் பிராட்பேண்ட் விருது கிஃபிக்குக் கிடைத்தபோது, அது முதலீட்டு முறைக்காகவே கிடைத்தது.

பொதுச்சொத்து தானாகவே சீரழியும் என்ற பொருளியல் நம்பிக்கையை உடைத்தவர் எலினோர் ஆஸ்ட்ரம். 1990இல் வெளிவந்த நூலில் அவர் எடுத்துக்காட்டிய இடங்களில் ஒன்று, கத்தலோனியாவுக்குத் தெற்கேயுள்ள வலென்சியாவின் பாசன வாய்க்கால்கள். விவசாயிகளே விதி வகுத்து, தங்களுக்குள் நீதிமன்றம் வைத்து, நூற்றாண்டுக் கணக்கில் தண்ணீரைப் பங்கிட்டார்கள். கிஃபியை ஆராய்ந்த கத்தலோனியப் பல்கலைக்கழகத்தினரும் அதன் நிறுவனர்களும் ஆஸ்ட்ரமின் சட்டகத்தைக் கொண்டே தங்கள் வலையை விளக்கினார்கள். நமக்கு இதை விளங்கிக்கொள்ள வலென்சியா வரைக்கும் போகவேண்டியதில்லை. ஏரியும் மடையும் நீர்க்கட்டியும் குடிமராமத்தும் இருந்த ஊரில், எல்லாரும் பயன்படுத்துவது, எல்லாரும் கரையை உயர்த்துவது, ஒருவர் மட்டும் மடையைத் திறக்க அதிகாரம் பெற்றிருப்பது என்ற ஏற்பாடு பழகிப்போனது. 1858இல் சென்னை மாகாண அரசு குடிமராமத்தைக் கட்டாய உழைப்புச் சட்டமாக எழுதியபோது அந்த ஏற்பாட்டின் உயிர் போயிற்று. வேலை மிஞ்சியது, முடிவெடுக்கும் உரிமை கைமாறியது. சமூக வலையமைப்புகளின் கதையில் இதே ஆபத்து மீண்டும் மீண்டும் வருகிறது.

கிஃபியின் குறைகளையும் சொல்லவேண்டும். அதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் கணினி தெரிந்த ஆண்கள். சேர்ந்தவர்களில் பலர் மாதாமாதம் ஓர் உள்ளூர்க் கடைக்குப் பணம் கட்டுகிற வாடிக்கையாளர்கள்; தாங்கள் ஒரு பொதுச்சொத்தின் பங்காளி என்று அவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியம்கூட இல்லை. பார்சலோனா மாநகரில் அது கிராமங்களில் வளர்ந்ததுபோல் வளரவில்லை. ஆனாலும் பெரிய நிறுவனம் தன் சொந்தக் குழாயைப் பொது வீதியில் புதைக்கும்போது அதைப் பிறரும் பயன்படுத்த விடவேண்டும் என்று சொல்லும் மாதிரி விதி ஒன்றை எழுதி நகராட்சிகளிடம் கொண்டுபோகும் அளவுக்கு அவர்கள் அரசியல் கற்றார்கள். ஓர் இணைப்புக்காகக் கூரை ஏறியவர்கள், சில ஆண்டுகளில் தெருவின் அடியில் யாருக்கு உரிமை என்று கேட்கத் தொடங்கியது சிறிய மாற்றம் இல்லை.

இனி பழுதுபார்ப்பவரின் கதை. அதற்குத் தேனிக்கு வரவேண்டும்.

2005, 2006ஆம் ஆண்டுகளில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் எரிக் பிரூவர் குழுவும் சேர்ந்து, போடி, சின்னமனூர் போன்ற ஊர்களில் இருந்த சிறு கண் பரிசோதனை மையங்களை மருத்துவமனையோடு வைஃபையால் இணைத்தார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர் ஒருவர் கண்ணைச் சோதிப்பார். பிறகு நோயாளி திரை வழியே தேனியில் இருக்கும் மருத்துவரோடு பேசுவார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே முடிந்துவிடும். அறுவை தேவைப்படுகிறவர் மட்டும் பஸ் ஏறினால் போதும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போய்வரும் செலவு எத்தனை முதியவர்களின் கண்ணைக் காவுவாங்கியது என்று தெரிந்தவர்களுக்கு இதன் பெறுமதி புரியும்.

இதில் முதலில் தீர்க்கவேண்டியிருந்தது தூரம். வீட்டு வைஃபையில் ஒரு செய்தியை அனுப்பிய கருவி, கிடைத்தது என்ற பதிலுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சிறு பகுதி மட்டுமே காத்திருக்கும். பல கிலோமீட்டர் போய்வர அந்த நேரம் பற்றாது. பதில் வரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும், இரண்டும் மோதும். பெர்க்லி குழு அந்த நெறியை மாற்றி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி செய்தது. வேகம் பல மடங்கு கூடியது. இது ஆய்வகத்தில் தீர்ந்த பிரச்சினை. தேனியில் தீரவேண்டியிருந்தது வேறு. அதே குழு, தேனியையும் தர்மசாலாவையும் சேர்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, கிராம வலையமைப்புகள் எதனால் சாகின்றன என்பதை நேர்மையாக எழுதியது. பழுதுகளில் மிகப் பெரும்பகுதிக்கு மின்சாரமே காரணம். கரண்ட் போவதைவிட, வருகிற கரண்டின் லட்சணம்தான் தொல்லை: திடீரென்று ஏறும் மின்னழுத்தம் கருவியைச் சுட்டது. குறைந்த அழுத்தத்தில் ரவுட்டர் அரை உயிராக நின்று, யாராவது கையால் அணைத்துப் போட்டால்தான் விழித்தது. நினைவக அட்டைகள் சிதைந்தன. கோபுரத்தில் ஏறிப் பார்க்க ஆளில்லை. கீழே இருந்த பணியாளருக்கோ, கெட்டது ஆன்டெனாவா, கணினியின் பிளக் கழன்றதா என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் இல்லை.

அவர்கள் கண்ட வழி இரண்டு. அழுத்தம் குறைந்தால் தானே துண்டித்துப் பிறகு ஒழுங்காகத் தொடங்கும் சிறு மின்சுற்றுகளைச் செய்து பொருத்தினார்கள். கூடவே உள்ளூர் ஆட்களைப் படிப்படியாகப் பழக்கி, பல்கலைக்கழகத்திலிருந்து எவரும் வராமலேயே வலை நடக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். தேனி வலையமைப்பு மருத்துவமனையின் சொத்து, ஊரின் சொத்து இல்லை. அதைச் சமூக வலையமைப்பு என்று நான் வகைப்படுத்தவில்லை. ஆனால் ஊரார் வைத்திருக்கும் எந்த வலையும் கடந்தாகவேண்டிய சோதனையை அது காட்டிவிட்டது. தொடக்க விழாவுக்குப் பணம் தருகிற அரசும் அறக்கட்டளையும் ஏராளம். மூன்றாம் ஆண்டில் பாட்டரி மாற்றப் பணம் தருகிறவர் அரிது. அதனால் நிலைத்த வலைகள் எல்லாவற்றிலும் பழுதுபார்ப்பவருக்குச் சம்பளம் எங்கிருந்தோ வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் மான்கோசி மக்கள் 2012 முதல் கட்டிய சென்செலெனி வலையமைப்பு, தன் சூரிய மின்கலங்களில் ஊரார் செல்பேசிகளுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்து அதிலிருந்து முதல் காசைப் பார்த்தது.

தர்மசாலாவின் ஏர்ஜல்டி வலையமைப்பு இன்னொரு வகையில் முக்கியமானது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைத் திறந்த வெளியில் உரிமமில்லாமல் பயன்படுத்த 2005 ஜனவரியில்தான் அனுமதி வந்தது. அதே ஆண்டே திபெத்திய அகதிகளின் பள்ளிகள், மடங்கள், அலுவலகங்கள் மலைச்சரிவில் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. மழையும் மின்னலும், ஆன்டெனாவில் தொங்கும் குரங்குகளும் சேர்ந்து கருவிகளைச் சோதித்தன. நாடில்லாத ஒரு சமூகம் தன் நிறுவனங்களைத் தானே பின்னிய வலையில் கோத்துக்கொண்டது என்பதை வெறும் தொழில்நுட்பச் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை.

கருவியை எந்தக் கூரையில் வைப்பது? ஐரோப்பிய ஆய்வுகளில் இது பார்வைக்கோடு பற்றிய கேள்வி. நம் கிராமங்களில் இது சாதி பற்றிய கேள்வியும்கூட. ஊரில் உயரமான மாடிவீடு யாருடையது, அங்கே யார் படியேறலாம், ரவுட்டர் கெட்டால் சேரித் தெருவிலிருந்து வரும் பையனை மொட்டைமாடிக்கு விடுவார்களா? இதை வைஃபை வருவதற்கு முன்பே எதிர்கொண்டவர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர். 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் அவர்கள் தொடங்கிய தகவல் மையங்கள், வில்லியனூரை நடுவாக வைத்து வானொலி அலைகள் வழியே இணைக்கப்பட்டவை. இடத்தை ஊர் தரவேண்டும். அது தலித் மக்கள் உட்பட எல்லாரும் வந்துபோகக்கூடிய பொது இடமாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்தில் அமைந்தது. கணினியைவிட அந்த நிபந்தனை பெரிய தலையீடு என்பேன்.

அந்த வலையின் இன்னொரு முனை மீனவக் குப்பங்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள்; படகு இறக்கப் போகிறவர் கரையில் நின்றபடியே கேட்டுக்கொள்வார். நல்லவாடுக் குப்பத்திலும் அப்படியொரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலைபார்த்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி கேட்டு வீட்டுக்குத் தொலைபேசினார். பூட்டியிருந்த மையத்தின் கதவை ஊரார் உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். அவரவர் கையில் ஒரு திரை இருக்கும் இன்றைய நாளில், ஊருக்கென்று ஒரு குரலும், அவசரத்தில் கதவை உடைக்கும் உரிமை நமக்குண்டு என்று ஊர் நினைத்த ஒரு கட்டடமும் இருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது ரெட் ஹுக் பகுதியில் இதற்கு இணையான ஒன்று நடந்தது. இளைஞர்களோடு வேலைசெய்யும் உள்ளூர் அமைப்பொன்றின் கூரையில் இருந்த சிறு வலையமைப்பு, சுற்றுப்புறமே துண்டிக்கப்பட்டபோதும் வேலை செய்தது. பேரிடர் நிர்வாகத்தினர் தங்கள் செயற்கைக்கோள் இணைப்பை அதில் கொண்டுவந்து கோத்தார்கள்.

புயலைப் போலவே போரும் வலையைச் சோதிக்கும். நேபாளத்தின் மியாக்தி மாவட்டத்தில் நாங்கி என்ற மலைக்கிராமத்துப் பள்ளியோடு தொடர்புடையவர் மகாபீர் புன். அமெரிக்காவில் படித்துவிட்டு ஊர் திரும்பிய அவர், 2002 முதல் வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் துணையோடு மலையுச்சியிலிருந்து மலையுச்சிக்கு வைஃபையைத் தாவவிட்டார். டிவி டிஷ்கள் ஆன்டெனாவாயின, மரங்கள் கோபுரமாயின. அது மாவோயிஸ்ட் போரின் காலம். கம்பியில்லாக் கருவிகளை அரசும் சந்தேகித்தது, கிளர்ச்சியாளர்களும் சந்தேகித்தார்கள். 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தன் கையில் எடுத்தபோது நாடு முழுக்கத் தொலைபேசியும் இணையமும் அறுக்கப்பட்டன. மக்கள் இயக்கம் வென்று மன்னராட்சி தளர்ந்த பிறகே வைஃபை அலைவரிசைகள் உரிமத்திலிருந்து விடுபட்டன. 2007இல் புன்னுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2025 செப்டம்பரில், சமூக ஊடகத் தடையை எதிர்த்து எழுந்த இளைஞர் கிளர்ச்சி நேபாள அரசைக் கவிழ்த்தபோது அமைந்த இடைக்கால அரசில் அவர் கல்வி அமைச்சரானார். வலை பின்னியவரிடமே ஒரு நாடு இப்படிப்பட்ட தருணத்தில் பொறுப்பைக் கொடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

யார் பதில் சொல்வது என்ற கேள்வியை ஜெர்மனியைப்போல வேறெந்த நாடும் இவ்வளவு நீட்டி முழக்கியதில்லை. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு, கிழக்கு பெர்லினின் சில பகுதிகளில் தொலைபேசி நிறுவனம் நவீனமாக இருக்கட்டும் என்று ஒளியிழை போட்டது. பிறகு வந்த டிஎஸ்எல் இணைப்புக்கோ செப்புக் கம்பி வேண்டும். நவீனப்படுத்தப்பட்ட தெருக்களுக்கு அதனாலேயே இணையம் கிடைக்காமல் போயிற்று. அந்தத் தெருக்களிலிருந்து வளர்ந்தது ஃப்ரைஃபுங்க் இயக்கம். தேவாலயக் கோபுரங்களிலும் மாடிகளிலும் ஆன்டெனா நிறுத்தினார்கள். பின்னாளில் உலகெங்கும் பயன்பட்ட வலைப்பின்னல் நெறிகளில் சிலவற்றை அவர்கள்தான் மெருகேற்றினார்கள்.

2010 மே மாதம் ஜெர்மானிய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒருவர் விடுமுறையில் வெளியூர் போயிருந்த சமயத்தில் அவர் வீட்டு வைஃபை வழியாக யாரோ ஒரு பாடலைப் பகிர்ந்திருந்தார்கள். கடவுச்சொல் ஒழுங்காக வைக்காத இணைப்புக்காரரே இடையூறுக்குப் பொறுப்பு என்றது நீதிமன்றம். பூட்டாத வைஃபை ஒவ்வொன்றும் வக்கீல் நோட்டீஸுக்கு வாசலானது. அண்டை வீட்டாருக்கு இணைப்பைத் திறந்துவிடுவது சட்டத்தின் பார்வையில் அலட்சியமாக மாறியது. ஃப்ரைஃபுங்க் குழுக்கள் தங்கள் போக்குவரத்தை ஸ்வீடன் வழியாகச் சுற்றி அனுப்பின. நோட்டீஸ் தனிமனிதர் கதவைத் தட்டாமல் சங்கத்தின் தலையில் விழும்படி செய்தன. கூடவே நாடாளுமன்றத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 2015இல் லட்சக்கணக்கான அகதிகள் வந்தபோது, முகாம்களுக்கு இணையம் கொடுக்க அதிகாரிகளும் நிறுவனங்களும் பொறுப்புச் சட்டத்தை எண்ணித் தயங்கினார்கள். ஃப்ரைஃபுங்க் தன்னார்வலர்கள் ரவுட்டர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிரியாவில் தங்கிவிட்ட தாயோடு பேச விரும்பும் ஒருவருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. 2017இல் நாடாளுமன்றம் அந்தப் பொறுப்புக் கோட்பாட்டைச் சட்டத்திலிருந்து நீக்கியது.

ஹவானாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2000களின் தொடக்கத்தில் கணினி விளையாட்டு ஆடும் இளைஞர்கள் வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து இணைந்தார்கள். பால்கனியிலிருந்து பால்கனிக்குக் கம்பி. தூரத்துக்கு, வெளிநாட்டிலிருந்து யாராவது பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த நானோஸ்டேஷன் என்ற வைஃபை ஆன்டெனா. எஸ்நெட் என்று பெயர்பெற்ற அந்தத் தெருவலை பதின்மடங்காய் வளர்ந்து, பல்லாயிரம் பேர் புழங்கும் தனி உலகமானது. இணையத்தோடு அதற்குத் தொடர்பில்லை. விக்கிபீடியாவின் நகல் இருந்தது, அரட்டை மன்றங்கள் இருந்தன, காதலும் நட்பும் இருந்தன. அரசியல் பேசக்கூடாது, மதம் பேசக்கூடாது, ஆபாசம் கூடாது, வெளி இணையத்தோடு இணைக்கக்கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். மீறினால் இணைப்பைத் துண்டித்து வைப்பார்கள். அரசு கண்டுகொள்ளாமல் விடுவதற்காக அவர்கள் தாங்களாகவே கட்டிய விலை அந்த விதிகள்.

விலை போதவில்லை. 2019 ஜூலை 29 அன்று நடைமுறைக்கு வந்த தகவல்தொடர்பு அமைச்சகத்தின் ஆணைகள் தனியார் வலையமைப்புகளை முதல்முறையாகச் சட்டபூர்வமாக்கின. அதே ஆணைகள் ஆன்டெனாவின் திறனை 100 மில்லிவாட்டாகக் குறைத்தன. தெருவைத் தாண்டிக் கம்பி இழுப்பதைத் தடைசெய்தன. நகரம் முழுதும் பரவிய ஒரு வலை இந்த வரம்புக்குள் உயிர்வாழ முடியாது. அரசியல் பேசமாட்டோம் என்று ஆண்டுக்கணக்கில் கட்டுப்பாடு காத்த விளையாட்டுக்காரர்கள், அமைச்சகத்தின் வாசலில் கூடி நின்றார்கள். முடிவில் அவர்கள் கருவிகளும் சேவைகளும் அரசின் இளைஞர் கணினி மன்றங்களுக்குள் உறிஞ்சப்பட்டன. கிஃபியிடம் இருந்த காகிதம் எஸ்நெட்டிடம் இல்லை. பல்லாயிரம் பேர் சேர்ந்து கட்டிய சொத்துக்கு உரிமை கோரச் சட்டத்தின் முன் நிற்கக்கூடிய ஓர் ஆள்கூட இல்லாமல் போயிற்று.

இந்தியாவில் நிலைமை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. யார் இறந்தார்கள், எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்று குடும்பங்கள் தேடிய நேரம் அது. அங்கே ஒரு சமூக வலை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மிகைப்படுத்தாமல் சொல்லவேண்டும். வெளியுலகத் தொடர்பை அது காப்பாற்றியிருக்காது. மேலிருந்து இணைப்பு தரும் நிறுவனம் அரசாணைக்குக் கட்டுப்பட்டது. ஆனால் தெருவிலிருந்து தெருவுக்கும், வீட்டிலிருந்து ஊர் மருத்துவமனைக்கும் செய்தி போயிருக்கும். உள்ளூர் வலைக்கும் உலக வலைக்கும் உள்ள இந்த வேறுபாடு செல்பேசிக் கோபுரத்தில் இல்லை. அங்கே பக்கத்து வீட்டுக்குப் போகும் வார்த்தையும் நிறுவனத்தின் வழியாகவே போய்வருகிறது. ஒரு பொத்தானில் இரண்டும் அணையும்.

2008 ஜூலை அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டாத வைஃபையிலிருந்து போனது என்று தெரியவந்தபின், வைஃபையைத் திறந்து வைப்பது நம் நாட்டில் பாதுகாப்புப் பிரச்சினையாயிற்று. அடுத்த ஆண்டு அதற்கான கெடுபிடிகள் வந்தன. கவலையில் நியாயம் உண்டு. அந்தக் கவலையைத் தீர்க்க ஜெர்மனி நடத்திய விவாதம் இங்கே நடக்கவில்லை. 2020 டிசம்பரில் வந்த பிஎம்-வாணி திட்டம், டீக்கடைக்காரரும் உரிமமின்றி வைஃபை விற்கலாம் என்றது. வரவேற்கவேண்டிய தளர்வு. ஆனால் அவர் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வாங்கித்தான் விற்கவேண்டும். சில்லறை வியாபாரியாகலாம், உடைமையாளராக முடியாது.

ஊரே உடைமையாளரான இடங்களும் உண்டு. மெக்சிகோவின் ஓஹாகா மலைகளில் தாலேயா தே காஸ்த்ரோ என்ற பழங்குடி ஊர், பெரிய நிறுவனங்கள் வரமறுத்ததால் 2013இல் தன் சொந்தச் செல்பேசி நிலையத்தை நிறுவியது. ஊர்ச்சபை கூடி முடிவெடுத்து, கட்டணத்தையும் அதுவே நிர்ணயித்தது. 2016இல் அத்தகைய ஊர்களின் சங்கத்துக்குப் பழங்குடிச் சமூகப் பயன்பாட்டுக்கான அலைக்கற்றை உரிமையை அரசு வழங்கியது. வியாபாரம், அரசு என்ற இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஓர் உரிமையாளரைச் சட்டம் ஒப்புக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் மான்கோசிக் கூட்டுறவுக்கு உரிம விலக்குக் கிடைத்தது. ஸ்பெயினில் அறக்கட்டளை அறிவித்தாலே போதுமானதாக இருந்தது.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் பாரத்நெட் திட்டத்தில் ஒளியிழை கொண்டுபோகும் வேலை அரசின் டான்ஃபினெட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இழை ஊராட்சி அலுவலகம் வரை வரும். அங்கிருந்து தெருக்களுக்கும் குடிசைகளுக்கும் கம்பியில்லா முறையில் கொண்டுபோக, கருவிகளின் விலையும் அலைக்கற்றையும் இன்று தடையில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் 2018இல் திறந்துவிடப்பட்டது. எந்தத் தெருவுக்கு முதலில், எந்தக் கூரையில், யார் பராமரிப்பில், என்ன கட்டணத்தில் என்பதை முடிவுசெய்யக் கிராம சபை என்ற மன்றமும் இருக்கிறது. ஆனால் பிறருடைய தகவலைக் கடத்தும் இணையச் சேவைக்கு ஒருங்கிணைந்த உரிமம் வேண்டும், அதைக் கேட்டு விண்ணப்பிப்பவர் நிறுவனங்கள் சட்டப்படி பதிவுபெற்ற கம்பெனியாக இருக்கவேண்டும் என்பது பத்தாண்டுக்கும் மேலாக இருந்துவரும் விதி. பால் கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழுக் கூட்டமைப்பு, கிராம ஊராட்சி, மீனவர் பஞ்சாயத்து ஆகிய எதுவும் அந்தப் படிவத்தில் தன் பெயரை எழுத இடமில்லை.